‘ஹோம்’ என்ற சொல்லுக்குப் பயந்து இரண்டு வருசம்

எங்கள் ஊர்ப் பக்கம் அடம்பிடிக்கிற பிள்ளையை மிரட்ட ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள். "ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவேன்." மதுரை மாவட்டத்தில் செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் இருக்கிற ஊர் எனக்கு. அம்மாவும் அப்பத்தாவும் சொல்லிச் சொல்லி, ஹோம் என்றால் அநாதைகளையும் ஓடிப்போனவர்களையும் பூட்டி வைக்கிற இடம் என்று மனதில் பதிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதே வார்த்தையை என் கணவர் எடுத்தார். "வெளிய போனா உனக்கு ஹோம்தான். உள்ள போட்டுப் பூட்டிருவாங்க. பிள்ளைகளத் தனியாப் பிரிச்சிருவாங்க." நான் நம்பினேன். கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட பிறகும் இரண்டு வருசம் அந்த வீட்டில் இருந்தேன். அடிக்குப் பயந்ததைவிட அந்த வார்த்தைக்குப் பயந்ததுதான் அதிகம்.

பிறகு அப்படி ஒரு ஹோமில், பெண்களுக்கான தங்கும் இல்லத்தில்தான், கிட்டத்தட்ட ஒன்பது மாதம் இருந்தேன், இரண்டு தவணையாக. இப்போது மதுரையில் வாடகை வீட்டில் தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இல்லம் எந்தத் தெருவில் இருக்கிறது, என்ன பெயர் என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் அங்கே யாரோ ஒருத்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் என் மகன் இரண்டு வருசம் முன்னாலேயே நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

கிளம்பியது 2022 ஆடி மாதம். அன்றைக்கே தோன்றி அன்றைக்கே கிளம்பியதில்லை. பக்கத்து வீட்டு மதினியிடம் ஒரு மஞ்சப் பை மூன்று மாதமாகவே இருந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், என் ஆதார், பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை ஒன்று, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ ஒன்று, நகைக்கடை ரசீது இரண்டு. ரேஷன் ஸ்மார்ட் கார்டு மாமியார் பீரோவில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. மதினி போனில் அதைப் படம் மட்டும் பிடித்து வைத்திருந்தோம். பத்திரிகையும் போட்டோவும் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணத்தைப் பதிவு செய்யாதவர்களுக்குக் கோர்ட்டில் அவைதான் ஆதாரம். சீர் கொடுத்த நகைக்கு ரசீதுதான் பேசும். ஒரிஜினல் எடுக்க முடியாவிட்டால் படமாவது எடுத்து, நம்பிக்கையான ஒருவர் போனுக்கு அனுப்பிவிட்டு நம் போனில் அழித்துவிட வேண்டும்.

செக்கானூரணி வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ். எனக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, மகனுக்கு மட்டும் எடுத்தேன். அவனுக்குப் பதிமூன்று வயது. கையில் இருந்தது நூற்று எழுபது ரூபாய். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை என்று ஆனது 2021-இல். அந்த ஏற்பாட்டில் மிச்சமான காசு அன்றைக்கு மதுரை வந்த பிறகு பிள்ளைகளுக்கு இட்லி வாங்க உதவியது.

என் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். கொழுந்தன்தான் அதில் கூகுள் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் போனிலேயே பார்ப்பார். போனை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் லொக்கேஷனை அணைத்தால் மட்டும் போதாது, அந்தக் கணக்கையே மாற்ற வேண்டும். சிம் யார் ஆதாரில் வாங்கியது என்றும் பார்க்க வேண்டும். இல்லத்தில் சேருகிறவர்களிடம் முதல் அரை மணி நேரத்தில் இதைத்தான் கேட்கிறார்கள்.

பெரியாரில் ஒரு மருந்துக்கடைக்கார அம்மாவிடம் போன் கேட்டு, பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அடித்தேன். மறுமுனையில் பேசிய பெண் முதலில் கேட்டது, "இப்ப பத்திரமான இடத்துல நிக்கிறீங்களாம்மா? பிள்ளைங்க கூட இருக்காங்களா?" அவர்தான் சகி மையத்துக்கு வழி சொன்னார். மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையம் அது. இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். வைத்தியம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே கூட்டிப்போகிறார்கள். தங்கவும் வைப்பார்கள், ஆனால் அஞ்சு நாள் வரைதான். அதற்குள் அடுத்த இடம் பார்த்துத் தருவார்கள்.

அங்கே எனக்கு இருந்த பெரிய சந்தேகம், முதலில் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால்தான் தங்க விடுவார்களா என்பது. நான் அந்த மனநிலையில் இல்லை. புகார் கொடுத்தால் அவரை உள்ளே வைத்துவிடுவார்கள், ஊரே என்னைத் திட்டும் என்று நடுங்கினேன். புகாரோ அறிக்கையோ முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி இடம் மறுக்கக் கூடாது என்று 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. நாம் கேட்டுக்கொண்டால், நாம் அங்கே இருப்பதை எதிர்த்தரப்புக்குச் சொல்லவும் கூடாது. இந்த இரண்டும் தெரியாமல் வாசல்வரை வந்து திரும்பிப் போன பெண்களை நான் பின்னால் சந்தித்தேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது வழக்கம்போல "வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாயில் வந்துவிட்டது. மையத்திலிருந்து கூட வந்த அக்கா என் தோளைத் தொட்டு, "உள்ளத அப்படியே சொல்லுத்தா, அவர் எழுதணும்ல" என்றார். யார் அடித்தது, எதைக் கொண்டு அடித்தது, எந்த நாள் என்று டாக்டர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதியது பிறகு கோர்ட்டில் எனக்காகப் பேசியது. கை முறிந்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லியிருந்தேன். அந்தச் சீட்டை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டினார். அடித்தவரைக் காப்பாற்ற நாம் சொல்கிற பொய் நமக்கு எதிராகத்தான் வந்து நிற்கும்.

நாலாம் நாள் இல்லத்துக்குப் போனோம்.

பச்சைக் கேட், உள்ளே ஒரு வேப்ப மரம், துணி காயப்போடுகிற கம்பி. ஆபீஸ் அறையில் கண்காணிப்பாளரம்மா என் பேரைப் பதிவேட்டில் எழுதினார். என் கம்மலையும் மகள் கொலுசையும் எடை போட்டு எழுதி, என் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்தார். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோப்பு, துண்டு, இரண்டு நைட்டி, மகளுக்கு ஒரு கவுன், பின்பக்கம் நம்பர் போட்ட எவர்சில்வர் தட்டு. என் தட்டு பதினாலு.

பூட்டு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், ராத்திரி கேட்டைப் பூட்டுவார்கள். வெளியிலிருந்து யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக. பகலில் வெளியே போகலாம். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். முதல் கொஞ்ச நாள் துணைக்கு ஒருவரை அனுப்புவார்கள். சொந்த வீடு மாதிரி இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பத்துப் பதினைந்து பெண்களுக்கு மூன்று பாத்ரூம். வாளிக்குச் சண்டை வரும், டிவியில் எந்த நாடகம் என்று சண்டை வரும். ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி அதட்டினால் ஆலோசகர் வந்து உட்கார வேண்டியிருக்கும். எல்லோருமே காயத்தோடு வந்தவர்கள், தொட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் முதல் ராத்திரி நான் பதினொரு மணி நேரம் தூங்கினேன். கதவுச் சத்தத்துக்குக் காது வைக்காமல் தூங்கியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காலையில் எழுந்தபோது மேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மகன். "பிள்ளைகளப் பிரிச்சிருவாங்க" என்று என் கணவர் மிரட்டியதில் ஒரு துளி உண்மை இருந்தது, அதை மறைத்தால் இதை எழுதி பிரயோசனமில்லை. பெண்கள் இல்லங்களில் வளர்ந்த பையன்களைச் சேர்ப்பதில்லை. எத்தனை வயதுவரை என்பது இல்லத்துக்கு இல்லம் மாறும். நான் இருந்த இடத்தில் பதிமூன்று வயதுப் பையனுக்கு இடமில்லை. சகி மையத்திலேயே இதைச் சொன்னார்கள். அரசுக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம் என்றும் சொன்னார்கள். ‘இன்னொரு ஹோமா’ என்று பதறி, திருமங்கலத்தில் இருக்கிற என் அக்கா வீட்டில் விட்டேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒரே மாதத்தில் என் கணவர் மோப்பம் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனார். பையனுக்குப் புதுச் சட்டை, செல்போன் வாங்கிக் கொடுத்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். அதன் பிறகு பெரியப்பா தலைமையில் ஆள் மேல் ஆள் தூது. "பையன் சரியாச் சாப்பிட மாட்டேங்கிறான், வாத்தா." ஒரு ஸ்டேஷனில் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்து, "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும்" என்று பேசி, இனிமேல் சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதி வாங்கினார்கள். அதில் அவர் அடித்தது ஒரு வரிகூட இல்லை. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு நிலைமை வந்தால் படித்துப் பாருங்கள், நடந்ததை எழுதச் சொல்லுங்கள், நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

முப்பத்தெட்டாம் நாள் இல்லத்திலிருந்து கிளம்பினேன். கண்காணிப்பாளரம்மா தடுக்கவில்லை, திட்டவில்லை. போகிறவர்களுக்கு என்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்: அடுத்த தடவை சண்டை ஆரம்பித்தால் அடுப்படியில் நிற்காதே, அங்கே கத்தியும் கொதிக்கிற எண்ணெயும் இருக்கும், வாசல் பக்கம் வந்துவிடு. மகளுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பிறகு 181, இரண்டையும் மனப்பாடம் பண்ணிக் கொடு. காகிதங்களின் ஜெராக்ஸ் எங்களிடமே இருக்கட்டும். இல்லத்து நம்பரை ஒரு சீட்டில் எழுதி மகளின் பென்சில் டப்பாவுக்குள் அட்டைக்கு அடியில் வைத்தார்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள், உதட்டில் தையலோடு அதே பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்றேன். இந்தத் தடவை இரண்டு பிள்ளைகளும் கூட. உள்ளே கூப்பிட்டு "அன்னைக்கே சொன்னோமே" என்பார்கள் என்று எதிர்பார்த்து, பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். சமையலம்மா அலமாரியைத் திறந்து பதினாலாம் நம்பர் தட்டை எடுத்துச் சோறு போட்டார். திரும்பிப் போனவர்கள் மறுபடி வருவது அங்கே வழக்கம். ஒரு தடவை திரும்பிப் போனதால் சட்டத்தில் நம் உரிமை எதுவும் போய்விடாது. வெட்கத்தால் இரண்டாம் தடவை வராமல் இருக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்தத் தடவை மகனைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஆஜர்படுத்தி, அவர்கள் உத்தரவோடு பையன்கள் இல்லத்தில் சேர்த்தோம். குழு உத்தரவு இல்லாமல் அப்பனே வந்தாலும் அங்கிருந்து கூட்டிப்போக முடியாது. நான் பயந்த அந்த ‘இன்னொரு ஹோம்’தான் அவனைப் பத்திரமாக வைத்திருந்தது. ஆனாலும் அவன் முதல் இரண்டு தடவை பார்க்கப் போனபோது என்னோடு பேசவில்லை. மூன்றாம் தடவை கேட்டான்: "நான் அப்பா மாதிரி ஆயிருவேன்னுதான அங்க சேக்கல?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட வந்த ஆலோசகர் மேடம்தான் அவனோடு உட்கார்ந்து பேசினார். அங்கே இருக்கிற அக்காமார் சிலருக்கு எந்த ஆம்பளைக் குரல் கேட்டாலும் உடம்பு நடுங்குகிறது, அதற்காக வைத்த விதி, உன்னைப் பார்த்து வைத்ததில்லை என்று நிதானமாகச் சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அந்த விதியின் காரணம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அம்மாவையும் வளர்ந்த பையனையும் சேர்த்து வைக்கத் தனி அறையாவது, பக்கத்திலேயே ஒரு வீடாவது வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பையனுக்காகத் திரும்பிப் போனது நான் ஒருத்தி மட்டும் கிடையாது.

கோர்ட் விசயம் நீளமானது, தேவையானதை மட்டும் சொல்கிறேன். சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் நான் சொன்னதைக் கேட்டு அறிக்கை எழுதினார். வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் காசில்லை. பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருசச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம் என்பதால் உசிலம்பட்டிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. அதற்காக மனம் விடத் தேவையில்லை, இடைக்கால உத்தரவு என்று ஒன்று இருக்கிறது. எனக்கு இரண்டாவது வாய்தாவிலேயே, அவர் என்னை நெருங்கக் கூடாது, மாதம் ஆறாயிரம் தர வேண்டும், மகள் தற்காலிகமாக என் பொறுப்பு என்று வந்துவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருசம் வரை ஜெயில் அல்லது இருபதாயிரம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அந்த உத்தரவின் நகலை எப்போதும் பையில் வைத்திருந்தேன்.

ஒரு நகல் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தேன். இது முக்கியம். உத்தரவு இல்லாவிட்டால், அப்பா வந்து பிள்ளையைக் கேட்டால் டீச்சர் என்ன சொல்லி நிறுத்துவார்? பழைய பள்ளியில் டி.சி. கேட்டால் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது. டி.சி. வரத் தாமதம் என்பதற்காக எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் வருசக் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. இல்லத்து அம்மா வந்து பேசினார், இரண்டாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது ராத்திரியில் பாய் நனைகிற பழக்கம் வந்திருந்தது. இல்லத்தில் யாரும் அதற்கு அவளை ஏசவில்லை. காலையில் பாயை நானும் மேலூர் அக்காவும் அலசிப் போடுவோம். சித்திரைத் திருவிழா வருவதற்குள் தானாகவே நின்றுவிட்டது.

அந்த வருசம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நாங்கள் யாரும் போகவில்லை. ஊர்ச் சனம் மொத்தமும் மதுரைக்கு வந்துவிடும், யார் கண்ணில் படுவோமோ என்று பயம். டிவியில் பார்த்தோம். ஒரு பாட்டி அதற்காக அழுதார், அவர் மகனிடமிருந்து தப்பி வந்தவர்.

இல்லத்தில் தையல் வகுப்பு இருந்தது. எனக்கு ஜாக்கெட் தைக்க முன்பே தெரியும் என்பதால் ஓவர்லாக் மெஷின் கற்றுக்கொண்டேன். 2023 ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வெளியே வந்தோம். வீடு கிடைப்பதுதான் கடைசிச் சோதனை. "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறார்?" என்ற கேள்வியில் நாலு வீடு போனது. அஞ்சாவது வீட்டுக்குக் கண்காணிப்பாளரம்மா கூடவே வந்து, "எனக்கு ஆறு மாசத்துக்கு மேல தெரிஞ்ச பொண்ணு, நான் பொறுப்பு" என்று சொன்ன பிறகுதான் சாவி கிடைத்தது. மகனைக் குழு முன்னால் மனுக் கொடுத்துக் கூட்டிவந்தேன். முதல் வாரம் அவன் வாசல் பக்கமே படுத்தான். அரசு தருகிற மகளிர் உரிமைத்தொகை போல ஏதாவது பணம் நம் பேரில் வருகிறது என்றால், அது எந்த பேங்க் கணக்குக்குப் போகிறது, ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு அந்தப் பணம் இன்னும் அடித்தவர் கைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இல்லத்துக்குப் போய் ஓவர்லாக் சொல்லிக்கொடுக்கிறேன். போன தடவை புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், கைக்குழந்தையோடு. மெஷின் பக்கம் வராமல் சுவரோரம் நின்றாள். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இது ஹோமுங்களா?"

"ஆமாத்தா."

"பிள்ளைக்குப் பால் எப்பக் குடுப்பாங்க?"

"நாலு மணிக்கு. இப்பவே வேணும்னாலும் அடுப்படில கேளு, காய்ச்சித் தருவாங்க. தட்டு வாங்கிட்டியா, என்ன நம்பர்?"

அவள் தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.